வயிற்றுத் தோல் சொல்லும் சேதி

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? எத்தனை தடவை போனது என்று எண்ணுவதோடு இன்னொன்றையும் பாருங்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மெதுவாகப் படிந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. 2 விநாடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால், கண் குழிவிழுந்து, குடிக்கவும் முடியாமல் பிள்ளை துவண்டு கிடந்தால், தயவுசெய்து தாமதிக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான்.

மற்றபடி முதல் மருந்து ஓஆர்எஸ் என்ற உப்பு-குளுக்கோஸ் கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பொடியையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கண்ணளவு வேண்டாம், உப்பு கூடினால் ஆபத்து. 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும், 14 நாள் முழுக்கக் கொடுங்கள்.

ஓஆர்எஸ் வேலை செய்வது இப்படி: உப்போடு குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சிக்கொள்ளும். இதன் பலன் தெரிந்த ஓர் இடம்: 1971இல் மேற்கு வங்கத்தின் போன்காவ்ன் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே கோப்பையில் பிடித்துப் பிடித்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது.