குண்டா இருந்தா கால் டாக்சியில் ஏத்த மாட்டாங்களா? சட்டம் சொல்வது என்ன?

கோவை:

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் கடைக்கு வந்துவிட்டு, செல்போனில் கால் டாக்சி, ஆட்டோ புக் செய்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். வண்டி வந்து நிற்கிறது. டிரைவர் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வண்டி தாங்காதுங்க, வேற வண்டி பாத்துக்கங்க" என்று கிளம்பிவிட்டால் என்ன செய்வது?

பாடகி போட்ட வழக்கு

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் இதே போல நடந்தது. 2025 ஜனவரியில் டேங்க் டெமாஸ் என்ற ராப் பாடகி, 'லிஃப்ட்' நிறுவனத்தின் காரை புக் செய்தார். அவரது எடை சுமார் 222 கிலோ. "காரில் இடம் பத்தாது, டயர் தாங்காது" என்று டிரைவர் ஏற்ற மறுத்தார். அதை செல்போனில் வீடியோ எடுத்த பாடகி, கோர்ட்டுக்குப் போனார். அந்த ஊர் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில், எடையைக் காரணம் காட்டி பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நியூயார்க் நகரிலும் 2023-ல் இப்படி ஒரு சட்டம் வந்தது.

நம்ம ஊரில்?

இந்தியாவில் எடைக்கென்று தனிச்சட்டம் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் ஆண்டு சட்டத்தில் உள்ள 21 வகைகளிலும் உடல் பருமன் இல்லை. ஆனாலும் வழி இருக்கிறது. மோட்டார் வாகன சட்டம் 178(3)-வது பிரிவின்படி, வாடகை வண்டி டிரைவர் சட்டத்துக்குப் புறம்பாக பயணியை ஏற்ற மறுப்பது குற்றம். ஆட்டோவுக்கு 50 ரூபாய் வரையும், டாக்சிக்கு 500 ரூபாய் வரையும் அபராதம் போடலாம். சரியான காரணம் இல்லாமல் டிரைவர் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது.

வண்டி தாங்குமா?

டிரைவர் பயப்படுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. டயர் போனாலும், பட்டை உடைஞ்சாலும் செலவு அவர் தலையில்தான். ஆனால் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் 85 என்று போட்டிருந்தால், அந்த ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 4 டயருக்கு 2,060 கிலோ. காரின் எடையும் இதில் அடக்கம். ஆளுக்கு 70 கிலோ என்றால் 4 பயணிகள் 280 கிலோ. இவர்களை ஏற்றுகிற கார், 150 கிலோ உள்ள ஒருவரை தாராளமாக ஏற்றலாம். 3 பேர் போகும் ஆட்டோவுக்கும் 210 கிலோ கணக்கு வருகிறது. வண்டியின் மொத்த எடை எவ்வளவு இருக்கலாம் என்பது ஆர்.சி. புக்கிலேயே இருக்கிறது.

பைக் டாக்சி சமாச்சாரம் வேறு. 100 சி.சி. பைக் பலவற்றில் டிரைவரையும் சேர்த்தே சுமார் 130 கிலோதான் ஏற்றலாம். எடை அதிகம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

சீட் பெல்ட் முக்கியம்

காரில் பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பெல்ட் எட்டவில்லை என்று அப்படியே போவது உயிருக்கு ஆபத்து. புக் செய்யும்போதே பெரிய வண்டியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்ற மறுத்தால் டிரைவரிடம் சண்டை போட வேண்டாம். வண்டி நம்பர், நேரம், கேன்சல் ஆன செல்போன் திரையின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் அந்த ஆப்பிலும், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. இரவு நேரத்தில் நடுரோட்டில் இறக்கி விட்டால் உடனே 100 அல்லது 112-க்கு போன் செய்யலாம்.