தட்டில் சோறு இருப்பது தாத்தாவுக்குத் தெரிகிறதா?

வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் வெள்ளைச் சோறு, மேலே தயிர். தேனாம்பேட்டை ஃபிளாட்டுகளில் வயதான தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இப்படிப் பரிமாறுவது சாதாரணம். பாதி சாதம் மிச்சமானால், ‘பசியில்லை போல’ என்று தட்டை எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சாதம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஆலிஸ் க்ரோனின்-கோலம்ப், அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர். அல்சைமர் மறதிநோய் முற்றிய 9 ஆண்களுக்கு, அவரது குழு முதலில் வெள்ளைத் தட்டிலும் வெள்ளைக் கோப்பையிலும் உணவு கொடுத்துப் பார்த்தது. பிறகு அடர் சிவப்புக்கு மாற்றியது. 2004-ல் வெளியான முடிவு ஆச்சரியமானது. சாப்பிட்ட அளவு 25 சதவிகிதம் கூடியிருந்தது. குடித்த அளவு 84 சதவிகிதம்!

அடர் நீலமும் பலன் தந்தது. வெளிர் சிவப்பும் வெளிர் நீலமும் தரவில்லை. ஆக, மாயம் சிவப்பில் இல்லை. உணவும் தட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் எடுப்பாகத் தெரிவதில்தான் இருக்கிறது. வாழை இலையில் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை!

வெறும் 9 நோயாளிகளை வைத்து எல்லா முதியவர்களுக்கும் இதே கணக்கு என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால், பார்வை மங்கும் காரணம் பொதுவானது. வயதாக ஆக கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது. ஒரே சாயலில் இருக்கும் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது கடினமாகிறது. அல்சைமர் வந்தால், மூளை பார்வையைக் கையாளும் விதமும் கெடுவதால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

வழக்கமான கண் பரிசோதனையில் இது பிடிபடாமல் போகலாம். அங்கே படிக்கச் சொல்வது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. அதைக் கடகடவென்று வாசித்தவரே, வீட்டுக்குத் திரும்பி அபார்ட்மென்ட்டின் சாம்பல் நிறப் படியில் விளிம்பு தெரியாமல் தடுமாறக்கூடும். அந்த விளிம்பில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டினால் போதும். ‘பார்த்து நடக்கக் கூடாதா?’ என்று அதட்டுவதைவிட அது மேல்.

தயிர்சாதத்துக்கு அடர் நிறத் தட்டு, குழம்பு சாதத்துக்கு வெள்ளைத் தட்டு. பூப்போட்ட தட்டு வேண்டாம். எது பூ, எது பொரியல் என்று குழம்பிவிடுவார்கள். தட்டை மாற்றியும் சாப்பாடு குறைந்துகொண்டே போனால், பல் வலியா, விழுங்கச் சிரமமா, மனச்சோர்வா என்று டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.