ஸ்கூட்டர் சூடாகி நிற்கிறதா? முதலில் விசிறியைப் பாருங்கள்



நமது டிரஸ்டின் வாழ்வாதார உதவியில் ஸ்கூட்டர் பெற்ற சகோதரி ஒருவர் கடந்த கோடையில் கலங்கிய கண்களோடு அலுவலகம் வந்தார். வீட்டில் சமைத்து, கடைவீதியில் வேலை செய்பவர்களுக்கு மதிய சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். வண்டி கிளம்பும்போது நன்றாக ஓடுகிறது. கால் மணி நேரத்தில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது. பட்டறையில் காட்டியதற்கு, "அக்கா, போர் போயிடுச்சு. இன்ஜின் இறக்கணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தொகையை வட்டியில்லாக் கடனாகக் கேட்கத்தான் வந்திருந்தார்.

வளைகுடாவில் பல வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர் நம் தன்னார்வலர்களில் இருக்கிறார். கடன் கொடுப்பதற்கு முன் அவரிடம் வண்டியைக் காட்டினோம். இன்ஜினைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறையில் பாதியைக் காணோம்! இரண்டு மாதத்துக்கு முன் பிளக் மாற்றியவர் அதைக் கழற்றியிருக்கிறார், திரும்ப மாட்டவில்லை. உறையை வாங்கி மாட்டி, ஆயிலையும் மாற்றியதில் ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், வண்டி இன்றும் ஓடுகிறது.

ஓர் உறை இல்லாததற்கு ஏன் இன்ஜின் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். பைக்கில் இன்ஜின் வெளியே தெரியும்படி இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்வித்துவிடும். ஸ்கூட்டரில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, அங்கே எதிர்க்காற்று சரியாகப் போய்ச் சேராது. அதனால் ஆக்டிவா, ஜூபிடர், ஆக்ஸஸ் போன்ற வண்டிகளில் இன்ஜினின் வலது பக்கம், மேக்னெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் விசிறியை வைத்திருக்கிறார்கள். அது கம்பி வலை போன்ற மூடி வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றை வீணாக்காமல் சிலிண்டரின் செதில்களைச் சுற்றி ஓடவிடுவதுதான் உறையின் வேலை. உறை இல்லையென்றால் விசிறி சுற்றும், ஆனால் காற்று பாதி வழியிலேயே சிதறிவிடும். "மூடியைக் கழற்றிவிட்டால் நல்லா காத்து படும்" என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர்.

இன்னொன்றையும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விசிறிக்கு மோட்டார் கிடையாது, ஃபியூஸ் கிடையாது, சுவிட்சும் கிடையாது. கிராங்க் சுற்றினால் அதுவும் சுற்றும். ஆகவே இப்படிப்பட்ட வண்டிக்கு "ஃபேன் மோட்டார் மாத்தணும்" என்று யாராவது பில் போட்டால், பழைய மோட்டாரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வைத்த சில மாடல்களின் கதை வேறு. அவற்றில் கூலண்ட் அளவையும் பார்க்க வேண்டும், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

வீட்டிலேயே சோதிக்க வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சைலன்சரும் அதே வலது பக்கம்தான், கை சுட்டுவிடும். சாவியை எடுத்துவிட்டு டார்ச் அடித்து மூடியின் இடுக்குகளைப் பாருங்கள். சேறு, காய்ந்த இலை, கேரி பேக் துண்டு எதுவும் அடைத்திருக்கலாம். ஆயில் கசியும் வண்டியில் தூசியும் ஆயிலும் சேர்ந்து களிமண்போல் அப்பிக்கொள்ளும். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஒரு முழுத்தாளை மூடியின் அருகே பிடியுங்கள். தாள் மூடியோடு ஒட்டிக்கொண்டால் காற்று இழுக்கிறது என்று பொருள். துப்பட்டா, புர்கா நுனி, பிள்ளைகளின் விரல் எதுவும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாள் ஒட்டவில்லை, அல்லது உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறது என்றால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். வண்டியைப் பொறுத்து 8 அல்லது 10 நம்பர் ஸ்பேனர் போதும். விசிறியில் இறகு உடைந்திருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறகு உடைந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். எடை ஒருபக்கமாகி அதிரும், ஒட்டியது பிய்ந்து மற்ற இறகுகளையும் உடைக்கும். புது விசிறி விலை குறைந்த பொருள்தான். அழுக்கை உலர்ந்த பிரஷ் கொண்டு எடுங்கள். வாட்டர் சர்வீஸில் அந்த இடத்தில் வேகமாகத் தண்ணீர் அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் உட்காரும்.

விசிறியும் உறையும் சரியாக இருந்தும் சூடாகிறதா? ஆயில் அளவைப் பாருங்கள். இந்த வண்டிகள் பிடிப்பது ஒரு லிட்டருக்கும் குறைவு, அதில் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய குறைதான். பிரேக் விடுபடாமல் உரசுவதும் காரணமாக இருக்கலாம். ரப்பர் கருகிய வாடை வந்தால் அது இடது பக்கத்துப் பெல்ட். அங்கே பெல்ட்டைக் குளிர்விக்க வேறு விசிறி அமைப்பு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்டியை அணைத்த பிறகு டிக் டிக் என்று சத்தம் கேட்பது இரும்பு ஆறும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது இன்ஜினை ஓடவிடாதீர்கள். இன்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், வண்டியும் நிற்பதால் வேறு காற்றும் இல்லை. வழியில் சூடாகி நின்றுவிட்டால் நிழலில் நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருங்கள். அவசரத்தில் தண்ணீர் ஊற்றினால் சூடான உலோகம் விரிசல் விடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர், பதினோரு மாதம் கவர் போட்டு நின்ற ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் ஊற்றி, பேட்டரி மாற்றி, மறுநாளே நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நிக்காஹ்வுக்குக் கிளம்பினார். பாதி வழியில் இன்ஜின் இறுகிப்போனது. உறையைத் திறந்தால் தேங்காய் நார், கந்தல் துணி, கிழிந்த காகிதம் என்று சிலிண்டரைச் சுற்றி எலி கட்டிய கூடு! கூட்டால் காற்று போக வழியில்லை. பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற வேண்டியதாகி, விடுமுறைச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி பட்டறைக்கே போனது. நீண்ட நாள் நின்ற வண்டியை எடுப்பவர்கள் பேட்டரிக்கு முன்பே விசிறி மூடியையும் உறையையும் திறந்து பார்த்துவிடுங்கள். கழற்றிய ஸ்குரூக்களை எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். மாட்டி முடித்ததும் ஒன்று மிஞ்சினால், அது விசிறிக்குள் விழக் காத்திருக்கிற இன்னொரு பாகம் தளர்வாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.