சிறுதீயில் வேகும் நினைவுகள்

வட இந்தியச் சமவெளியில் டிசம்பரும் ஜனவரியும் கடுங்குளிர் மாதங்கள். காலையில் மூடுபனி தெருவை மறைத்துவிடும். வெயில் ஏற நெடுநேரம் ஆகும். இக்காலத்தில் தில்லியிலும் பஞ்சாபிலும் உள்ள காய்கறிக் கடைகளில் கடுகுக்கீரை கட்டுக்கட்டாகக் குவிந்திருப்பதைக் காணலாம். அக்கீரையைப் பல மணி நேரம் சிறுதீயில் வேகவைத்துச் செய்யும் உணவே 'சர்சோன் கா சாக்' ஆகும். கடுகுக்கீரை குளிர்காலப் பயிர். ஆதலால், பஞ்சாபியரின் குடும்பங்களில் குளிர்காலத்தின் நினைவும் இவ்வுணவின் நினைவும் பிரிக்க முடியாதவை.

கடுகுக்கீரை காரமும் சிறு கைப்பும் உடையது. அதன் தண்டில் நார் மிகுதி. அந்தக் காரத்தைத் தணிக்கப் பாலக்கீரையும், 'பதுவா' எனப்படும் சக்கரவர்த்திக்கீரையும் சேர்ப்பர். கீரையை ஆய்ந்து, மண் போகக் கழுவி, பொடியாக நறுக்குவதற்கே முற்பகல் முழுவதும் செல்லும். வீட்டிலுள்ளோர் வெயிலில் அமர்ந்து பேசிக்கொண்டே இப்பணியைச் செய்வர். பிறகு இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஆகியவற்றுடன் கீரையை வேகவைத்து, மரமத்தால் மசித்து, சிறிது மக்காச்சோள மாவு தூவி மீண்டும் வேகவிடுவர். அந்த மாவு, கீரையும் நீரும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும். மக்காச்சோள ரொட்டி, வெண்ணெய், வெல்லம் ஆகியன இதற்குத் துணையாகும்.

இத்தகைய உணவுகளை ஏன் மெல்லச் சமைக்க வேண்டும்? நீடித்த சூட்டில் கீரையின் நார் இளகுகிறது. அதன் காரம் குறைகிறது. கறுப்பு உளுந்து மெல்ல வேகும்போது அதிலுள்ள மாவுப்பொருள் சிறிது சிறிதாக நீரில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்குகிறது. பஞ்சாப் கிராமங்களில் உளுந்துப் பானையைத் தந்தூர் அடுப்பின் தணலில் இரவு முழுவதும் வைத்திருக்கும் வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் இதனால் மற்றொரு பயனும் கிடைத்தது. உணவை வேகவைக்கும் தணலே அருகில் அமர்ந்தவர்களின் குளிரையும் போக்கியது.

காஷ்மீரில் குளிர் இன்னும் கடுமையானது. டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அங்குள்ளோர் 'சில்லாய் கலான்' என்பர். பனியால் பாதைகள் அடைபடும் காலத்திற்காகச் சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி முதலியவற்றை முன்னரே நறுக்கி, வெயிலில் உலர்த்திச் சேமிப்பர். அவர்களது குளிர்கால உணவுகளுள் ஒன்று 'ஷப் தேக்'. 'ஷப்' என்றால் இரவு; 'தேக்' என்றால் பெரிய சமையல் கலம். டர்னிப் கிழங்கும் இறைச்சியும் மூடிய கலத்தில் இரவு முழுவதும் வேகும். சமைக்கும் நேரமே உணவின் பெயராகிவிட்டது.

நெடுநேரம் வேகும் உணவின் மணம் வீடு முழுவதும் பரவும். மணத்தை உணரும் மூளைப்பகுதி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது. ஆகவே, பல ஆண்டுகளுக்குப் பின் அதே மணத்தை உணரும் ஒருவருக்குப் பழைய சமையலறையும் அங்கிருந்த மனிதர்களும் நினைவுக்கு வருகின்றனர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வீட்டையும் நிலத்தையும் விட்டுத் தில்லிக்கு வந்த குடும்பங்கள், தந்தூர் அடுப்பையும் தம் சமையல் முறைகளையும் இங்கே தொடர்ந்தன. விட்டுவந்த வீட்டை அவர்களால் மீட்க இயலவில்லை. அவ்வீட்டின் சுவையை மீட்க இயன்றது.

தமிழர் சமையலிலும் சிறுதீக்கு இடம் உண்டு. சித்த மருத்துவம் மருந்து காய்ச்சும் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என மூவகையாகப் பகுக்கிறது. கல்சட்டியில் வைத்த குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் சிறிது நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். பஞ்சாபியர் ஜனவரி 13ஆம் நாள் லோஹ்ரி நெருப்பைச் சுற்றிக் கூடுகின்றனர்; அதனையொட்டியே தமிழரின் பொங்கலும் வருகிறது. பொங்கல் விருந்தில் மிஞ்சிய குழம்பையும் கறிகளையும் ஒன்றுசேர்த்து, நீர் வற்றும்வரை சிறுதீயில் வைத்துச் சுண்டக்கறி ஆக்குவது தென்மாவட்டங்களின் வழக்கம். பழைய சோற்றுக்கு அது சிறந்த துணை.

இவ்வுணவுகளின் செய்முறை பல வீடுகளில் எழுதி வைக்கப்படவில்லை. 'ஒரு கைப்பிடி', 'மணம் மாறும்வரை', 'கரண்டியில் ஒட்டாத பதம்' என்பனவே அவற்றின் அளவுகள். அடுப்பருகே உடனிருந்தவரே அவற்றைக் கற்றனர். இன்று அழுத்தக் கொப்பரை சமையல் நேரத்தைச் சுருக்கிவிட்டது. பாட்டி ஓர் ஊரிலும் பேரக்குழந்தைகள் மற்றோர் ஊரிலும் வாழ்கின்றனர். கேட்பவர் இல்லாத செய்முறை, அதை அறிந்தவரோடு மறைந்துவிடும்.

செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ, அவர் சிறுவயதில் உண்ட குளிர்கால உணவு ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். அது எத்தனை நிமிடத்தில் வேகும் என்று மட்டும் கேட்காமல், வெந்துவிட்டது என்பதை எப்படி அறிவார் என்றும் கேளுங்கள். அவர் கூறும் விடையை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள்.