வீட்டுக்குள் ஒரு பவளக் கடல்: லைட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூர் பக்கம் போனால் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். மீன் நீந்தும் பிளாஸ்டிக் கவரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நடக்கும் பிள்ளைகள். பின்னாலேயே பர்ஸும் கையுமாக அப்பா. கப்பி, மோலி என்று சின்னக் கண்ணாடித் தொட்டியில் ஆரம்பிக்கும் ஆசை, சில வீடுகளில் நான்கைந்து வருடத்தில் ஹாலின் ஒரு சுவரையே அடைக்கும் உப்புநீர்த் தொட்டியில் வந்து நிற்கிறது. காரணம், மொபைலில் பார்க்கும் வீடியோக்கள். நீல வெளிச்சம், அலையில் அசையும் பவளங்கள், நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக நிமோ மீன். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசை வந்ததும் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எந்த லைட் நல்லா இருக்கும்?” என்பதுதான். கேட்க வேண்டிய முதல் கேள்வியோ, “இந்தத் தொட்டியில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?” என்பது. மோட்டார், லைட், சில்லர் என்று வாங்கப்போகும் ஒவ்வொரு சாமானின் அளவும் விலையும் அந்தப் பதிலைப் பொறுத்தவை. நம் ஊரில் அந்தப் பதிலின் ஒரு பகுதியைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

பவளம் அலங்காரப் பொருள் அல்ல

பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்புதான் பவளத்துக்கும். கடல் குதிரை, கடல் அட்டைக்கும் அப்படியே. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டு பவளத்தை எடுத்து விற்பதும் குற்றம், வாங்கி வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. “இது செத்த பவளம்தான் சார், வெறும் கல்லு” என்ற சமாதானமும் எடுபடாது. அந்தக் ‘கல்’ பவளத்தின் எலும்புக்கூடுதான்.

“வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்தது” என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் இறக்குமதி ஆவணங்களைக் கேளுங்கள். ஆவணம் காட்டினாலும், வனத்துறையிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுத் தெளிந்த பிறகே பணத்தை எடுங்கள். கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் போகலாம். தொட்டி உங்கள் ஹாலில் அல்லவா நிற்கும்?

அதற்காகக் கடலையே மறக்க வேண்டியதில்லை. பவளப்பாறை போலவே துளைகளோடு செய்யப்படும் செராமிக், சிமென்ட் பாறைகள் கிடைக்கின்றன. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அவற்றிலும் நன்றாகவே குடியேறும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம், நிமோ என்று பிள்ளைகள் அழைக்கும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. பொரிப்பகக் குஞ்சுகள் தொட்டித் தீவனத்துக்கும் பழகியவை. கடல் சாமந்தி இல்லாமலேயே அவை சுகமாக வாழும்.

இந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் பட்ஜெட்டில் பெரிய துண்டு மிச்சமாகும். வீடியோவில் பார்த்த அந்த விலை உயர்ந்த நீல லைட், பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்வதற்காக. பவளம் இல்லாத தொட்டிக்குச் சாதாரண எல்.இ.டி. போதும். கால்சியம் ஊற்றும் கருவியும் தேவையில்லை.

தரை தாங்குமா?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பெரிய தொட்டி என்றால் பலரும் மனதில் வைத்திருக்கும் அளவு இது. கொள்ளளவு சுமார் 680 லிட்டர். உப்புநீர் என்பதால் தண்ணீர் மட்டுமே 700 கிலோவைத் தொடும். கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். இந்தத் தொட்டியோ ஒரு சதுர மீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிக இடத்தில் அந்த ஒரு டன்னை இறக்குகிறது. தரைத்தளம் என்றால் கவலை குறைவு. மூன்றாவது மாடி ஃபிளாட் என்றால் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். “எங்க பீரோவே தாங்குதே” என்பது கணக்கில் வராது.

ஹீட்டர் வேண்டாம், சில்லர் வேண்டும்

வெளிநாட்டு வீடியோக்களில் முதலில் சொல்வது ஹீட்டர். சென்னையிலும் மதுரையிலும் அதற்கு வேலையே இல்லை. பாறைவாழ் உயிரினங்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை சுகம். மே மாதம் மூடிய ஹாலில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் குறையும். கடலுக்கே இந்தச் சூடு ஆகவில்லை: 1998, 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளிறிப்போயின.

அதனால் சாமான்களில் முதல் பணம் சில்லருக்கு. வாங்கும்போது லிட்டர் கணக்கு மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை டிகிரி இறக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். 33 டிகிரி தண்ணீரை 26-க்குக் கொண்டுவர, பெட்டியில் எழுதியிருப்பதைவிட அடுத்த பெரிய சைஸ் தேவைப்படலாம். உள்ளே ஓடும் காயில் டைட்டானியமா என்று உறுதி செய்யுங்கள். செம்பு கரைந்தால் இறால் வகைகள் தாங்காது. இன்னொரு விஷயம், தண்ணீரில் இருந்து எடுக்கும் சூட்டைச் சில்லர் வெளியேதான் துப்பும். அழகுக்காக மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், தன் சூட்டில் தானே வெந்து நின்றுபோகும்.

பணம் இடிக்கிறதா? தண்ணீர் மட்டத்தில் படும்படி ஃபேன் வைத்தால் ஆவியாதலால் சில டிகிரி குறையும். கோவையின் காய்ந்த காற்றில் நன்றாக எடுபடும். சென்னைப் புழுக்கத்தில் அந்த அளவுக்கு நம்ப முடியாது.

கரன்ட் போனால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றால் பெரிய தொட்டியில் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். மீன்கள் அதிகம் இருந்தால் சில மணி நேரத்திலேயே மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிடும். வருடக்கணக்கில் வளர்த்த ஜீவன்கள் ஒரே ராத்திரியில் போவது இப்படித்தான்.

வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரை ஓட்ட நினைக்காதீர்கள். ஒரு அலை மோட்டாரையும் ஏர் பம்ப்பையும் மட்டும் தனி லைனில் கொடுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மற்ற வகைகளில் சில மோட்டார்கள் சூடாகி முனகும். பேட்டரியில் நேரடியாக ஓடும் டி.சி. அலை மோட்டார் இன்னும் நல்லது. இது எதற்குமே வழி இல்லை என்றால், பேட்டரி ஏர் பம்ப் இரண்டு வாங்கி டிராயரில் போட்டு வையுங்கள். மொத்தச் சாமானிலும் விலை குறைந்தது அதுதான். பலர் வாங்க மறப்பதும் அதுதான்.

ஈரமும் கரன்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் இது. 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒரு பிளக்கையும் செருக வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

மற்ற சாமான்கள்

ஸ்கிம்மர் செய்யும் வேலை புரிய, பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையை அம்மா கரண்டியால் வழித்து எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் உள்ள கழிவை நுரையாக்கி, அழுகும் முன்பே வெளியேற்றும். இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

தண்ணீருக்கு ஆர்.ஓ.வும் அதன் பின்னால் டி.ஐ. ஃபில்டரும். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் மீன் தொட்டிக்கான கடல் உப்பு, அதாவது முதல் தடவைக்கே 24 கிலோ. சமையல் உப்பும் ஆகாது, பெசன்ட் நகர் கடற்கரையில் குடத்தில் மொண்டு வரும் தண்ணீரும் ஆகாது. உப்பின் அளவைப் பார்க்க ரெஃப்ராக்டோமீட்டர். தினமும் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே நிற்கும். ஈடுகட்ட நல்ல தண்ணீரைத் தானாக ஊற்றும் கருவி உண்டு. அதன் சென்சார் சிக்கிக்கொண்டாலும் தொட்டி பாழாகாதபடி, தண்ணீர் வைக்கும் டப்பா சின்னதாக இருக்கட்டும்.

இனி கரன்ட் பில். 350 வாட் சில்லர் நாளுக்கு 12 மணி நேரம், மோட்டார்கள் 130 வாட் நாள் முழுக்க, பவளத் தொட்டியின் லைட் 300 வாட் 9 மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 10 யூனிட். இரண்டு மாத பில்லில் 600. தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினாலே கட்டணக் கணக்கு மேல் படிக்குப் போய்விடும். வீட்டின் ஏசி, ஃபிரிட்ஜ் இன்னும் இதில் சேரவில்லை. பவளம் இல்லை என்று லைட்டைச் சிறிதாக்கினால் கணிசமாகக் குறையும். வீட்டில் பில் கட்டுபவரிடம் இந்தக் கணக்கை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது!

மீன் வாங்கும் முன் ஒரு ஒத்திகை

தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டிக்குப் பெயர் சம்ப். வீட்டு வாசலில் கார்ப்பரேஷன் தண்ணீர் பிடிக்கும் சம்ப் அல்ல, இது வேறு. மோட்டார் இதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும், வழியும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்ப இறங்கும். மோட்டார் நின்றால், மேலே ஏற்றும் குழாயே சைஃபன் ஆகித் தண்ணீரைக் கீழே இழுக்கும். ஆறடித் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் 28 லிட்டர். குழாயின் வாய் நான்கு அங்குலம் மூழ்கி இருந்தால் 110 லிட்டருக்கு மேல் சம்ப்புக்கு வரும். அங்கே இடம் இல்லையென்றால் ஹாலுக்குத்தான் வரும்.

உப்பு கலக்கும் முன், வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சம்ப் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் ஏறி எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு. விளிம்புக்கு மூன்று விரற்கடை இடமாவது மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் குழாயின் வாயை மேலே ஏற்றி, மறுபடி அணைத்துப் பாருங்கள். அதன் பிறகு உப்பு, பாறை, பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகு கொளத்தூருக்கு வண்டியை எடுக்கலாம். முதல் தடவை இரண்டு கோமாளி மீன்கள் போதும்.