ஸ்திரீகளின் அந்தரங்கம் விற்பனைச் சரக்கா?

மாதவிடாயைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது முறையா என்று நம் நேயர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால், வீட்டு ஆடவர் பேசக் கூசும் இவ்விஷயத்தை வியாபாரக் கம்பெனிகள் நாள் தவறாமல் கணக்கெழுதி வருகின்றன. ஆகவே, நாம் இனியும் மௌனம் சாதித்தல் தகாது.

மாதவிடாய் தொடங்கும் நாளைக் கைப்பேசிச் செயலியில் ஒரு ஸ்திரீ குறித்துவந்தால், அடுத்தது எப்போது வரும், கருத்தரிக்கக்கூடிய நாட்கள் எவை என்று அது உத்தேசமாகக் கணித்துச் சொல்லும். இதனால் நன்மை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. கர்ப்பத்தின் வயதையும் பிரசவ தினத்தையும் வைத்தியர்கள் கடைசி மாதவிடாய்த் தேதியிலிருந்தே எண்ணுகிறார்கள். அத்தேதியைத் தவறின்றிச் சொல்ல இக்கணக்கு உதவுகிறது.

ஆனால், செயலியிடம் சொன்ன ரகசியம் எங்கே போகிறது? 'ஃப்ளோ' என்னும் செயலியைப் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் உபயோகித்தனர். விவரங்களை ரகசியமாகக் காப்பதாக வாக்களித்துவிட்டு, அவற்றை பேஸ்புக், கூகிள் முதலிய கம்பெனிகளுக்கு அது தெரிவித்ததாக 2021-ல் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் குற்றஞ்சாட்டியது. அபராதம் ஏதுமில்லை, சம்மதமின்றி இனித் தெரிவிக்கலாகாது என்ற நிபந்தனையோடு விவகாரம் ராஜியாயிற்று. இதே விஷயத்தில், பேஸ்புக்கின் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதென்று 2025 ஆகஸ்டில் கலிபோர்னியா ஜூரிகள் முடிவு கூறினர்.

விளம்பரத்துக்குத்தானே பயன்படும் என்று இதை அலட்சியம் செய்வதற்கில்லை. கருக்கலைப்பு உரிமையளித்த 1973-ம் வருஷத் தீர்ப்பை 2022 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ரத்துசெய்தது. பல மாநிலங்கள் கருக்கலைப்பைக் குற்றமாக்கின. அவ்வருஷமே நெப்ராஸ்காவில் கருக்கலைப்பு வழக்கொன்றில், பேஸ்புக்கில் எழுதிய அந்தரங்கச் செய்திகளைப் போலீஸார் வாரண்டு கொண்டு பெற்றனர். செய்திகளுக்கு நேர்ந்த கதி மாதக் கணக்குக்கு நேராதென்று யார் உறுதி கூற வல்லார்?

வைத்தியரையும் ஆஸ்பத்திரியையும் கட்டுப்படுத்தும் 1996-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் இத்தகைய செயலிகளைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. நம் தேசத்திலோ, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். எனினும், 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தேகநிலை பற்றிய தகவலுக்கென்று விசேஷப் பிரிவு எதையும் வகுக்கவில்லை. கடைக்கணக்கும் கர்ப்பக்கணக்கும் அதன் கண்ணுக்கு ஒன்றே!

சம்மதம் பெற்றோம் என்று கம்பெனிகள் சாதிக்கலாம். எவரும் படிக்க இயலாத நீண்ட பத்திரத்தின் கீழ் ஒரு விரல் பட்டதைச் சம்மதமென்று கொள்வது நியாயமாகாது.

நாம் கோருவது இதுவே: வைத்தியருக்குள்ள ரகசியக் கடமை செயலிக்கும் சட்டப்படி விதிக்கப்படவேண்டும், கணக்கு அவளது கைப்பேசியிலேயே இருக்கவேண்டும், அழி என்று அவள் சொன்னால் அடியோடு அழியவேண்டும். இதைச் சட்டசபைகளில் எழுப்புவது ஸ்திரீகளுக்கு மட்டும் உரிய வேலையன்று. வாக்குரிமை பெற்ற ஒவ்வோர் ஆடவரும் கூச்சத்தை விட்டுத் தம் பிரதிநிதியிடம் இதைக் கேட்பாராக.