எந்த ஊர், எந்தத் தெரு?
கணக்கில் வராத நோய் – தொடர் 7

“முன்னெல்லாம் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லை சார். இப்ப தெருவுக்கு ரெண்டு பேருக்குக் கேன்சர்.” ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ பேச்சு உடம்பைப் பற்றித் திரும்பினால் இந்த வாக்கியம் வராமல் போகாது. அடுத்த நிமிடமே காரணங்களும் வரிசைகட்டும். ஒருவர் காவிரித் தண்ணீரைக் குறை சொல்வார். இன்னொருவர் காய்கறிக்கு அடிக்கும் மருந்தை. மூன்றாமவர் செல்போன் டவரை. நோய் கூடியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஏன் கூடியது என்பதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.

சென்ற வாரம் பிறப்பு இறப்புப் பதிவைப் பார்த்தோம். ஓர் ஊரின் புற்றுநோயை எண்ணுவது அதைவிடக் கடினமான கணக்கு.

திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையின் வார்டில் எத்தனை புற்றுநோயாளிகள் என்று எண்ணினால் போதாதா? போதாது. அங்கே படுத்திருப்பவர் பெரம்பலூர்க்காரராக இருக்கலாம், அரியலூர், கரூர், புதுக்கோட்டைக்காரராகவும் இருக்கலாம். அதே நாளில், மகன் சென்னையில் இருப்பதால் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் அடையாறில் சிகிச்சைக்குச் சேர்ந்திருப்பார். மருத்துவமனையின் எண்ணிக்கை அந்த மருத்துவமனையின் கூட்டத்தைச் சொல்லும். ஊரின் நோயைச் சொல்லாது. புதிதாக ஒரு ஸ்கேன் மையமும் ஒரு புற்றுநோய் மருத்துவரும் வந்தாலே கூட்டம் இரட்டிப்பாகிவிடும்.

அதற்காக மருத்துவமனைக் கணக்கு வீண் என்று சொல்லிவிட முடியாது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையின் டாக்டர் பெண்டல், தம்மிடம் வந்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் ஊரில் வாய்ப்புற்று மலிந்திருப்பதை உலகத்துக்குக் காட்டிய ஆரம்ப காலப் பதிவுகளில் அது ஒன்று. ஆனால் அந்த 1,700 பேர் எத்தனை லட்சம் மக்களிலிருந்து வந்தார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை. காரணத்தின் வாடையை அது பிடித்தது. அளவைப் பிடிக்கவில்லை. நம் உறையூரில் சுருட்டிய சுருட்டு அந்தக் காலத்தில் லண்டன் வரைக்கும் பெயர் வாங்கியிருந்தது. அதைச் சுருட்டியவர், பிடித்தவர் வாயில் என்ன வந்தது என்பதை ஊர்வாரியாக எழுதி வைக்க அன்று ஏற்பாடு இல்லை.

ஊரை எண்ணும் வழக்கம் நம் நாட்டில் 1963இல் பம்பாயில் தொடங்கியது. இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் அதை நடத்தியது. 1981இன் இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை அறிவித்தது. 1982 ஜனவரி முதல் சென்னை நகரத்தின் கணக்கை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுத ஆரம்பித்தது. அந்த மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டைக்காரர்.

அப்போது புற்றுநோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் கிடையாது. ஆகவே பதிவேட்டின் ஊழியர்களே மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினார்கள். கேஸ் ஷீட், பயாப்சி ரிப்போர்ட், கதிர்வீச்சுப் பிரிவின் பேரேடு, மாநகராட்சியின் இறப்புப் பதிவு என்று எதையும் விடவில்லை. 2003இல் திண்டுக்கல் மாவட்டத்துக்கு அம்பிளிக்கையில் ஒரு பதிவேடு பிறந்தது. 2012இல் தமிழ்நாடு அரசும் அடையாறும் சேர்ந்து மாநிலம் முழுக்கத் திட்டத்தை விரித்தன. திருச்சி மாவட்டம் அப்போதுதான் இந்தக் கணக்குக்குள் வந்தது.

இந்த ஊழியர் நோயாளியிடம் கேட்கும் முக்கியமான கேள்வி எந்த உறுப்பில் நோய் என்பது அல்ல. அது ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, அங்கே எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. குறைந்தது ஓராண்டு குடியிருந்தால்தான் அந்த ஊர்க் கணக்கு. சிகிச்சைக்காக மகள் வீட்டுக்கு வந்து தெற்கு சித்திரை வீதி முகவரியைக் கொடுக்கும் மணப்பாறை அம்மாவின் நோய் மணப்பாறைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அடையாறில் படுத்திருக்கும் நம் பெரியவரின் நோய் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். ஒரே நோயாளிக்குத் தில்லைநகர் லேபில் பயாப்சி, புத்தூரில் அறுவை, வேறோர் ஊரில் கதிர்வீச்சு. மூன்று பேரேட்டிலும் பெயர் ஏறும். மூன்றையும் ஒன்றாக்காவிட்டால் ஒரு நோயாளி மூன்று நோயாளி ஆகிவிடுவார். குடும்பப் பெயர் இருக்கும் நாடுகளில் இது ஓரளவு எளிது. நம்மிடம் இருப்பது இனிஷியல். அது ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும், ஓரிடத்தில் காணாமலே போகும். அதிலும் ஸ்ரீரங்கத்தில் எத்தனை ரங்கநாதன், எத்தனை ரங்கராஜன், எத்தனை ரங்கநாயகி! வயது, கணவர் அல்லது தந்தை பெயர், கதவு எண் எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்துத்தான் இவர் அவரே என்றோ, அவர் இல்லை என்றோ முடிவு செய்கிறார்கள்.

இத்தனையும் வீதம் காணும் வகுத்தலில் மேலே இருக்கும் எண்ணுக்கான பாடு. கீழே இருக்கும் எண் மக்கள்தொகை. அதுவும் அசையாமல் நிற்பதில்லை. ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்தது. 1994இல் அதையும் பொன்மலையையும் சேர்த்துத் திருச்சி மாநகராட்சி ஆனது. மறு ஆண்டே கரூரும் பெரம்பலூரும் மாவட்டத்திலிருந்து பிரிந்தன. பெரம்பலூரிலிருந்து அரியலூர் 2007இல் நிலையாகப் பிரிந்தது. 1990இன் ‘திருச்சி மாவட்ட’ நோயாளிகளை இன்றைய ‘திருச்சி மாவட்ட’ நோயாளிகளோடு அப்படியே ஒப்பிட்டால், ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு நிலப்பரப்புகளைத்தான் ஒப்பிடுகிறோம். 2011 கணக்கெடுப்பில் இன்றைய மாவட்டத்தில் 27.22 லட்சம் பேர், மாநகராட்சியில் 8.47 லட்சம் பேர். வீதம் கணக்கிட இந்த எண்கள்தான் அடித்தளம்.

பிறகு வயது. புற்றுநோய் பெரும்பாலும் வயதோடு வருவது. பென்ஷன் வாங்குபவர்கள் நிறைந்த வீதியில் நோயாளிகள் அதிகம் தென்படுவார்கள். இளம் குடும்பங்கள் குடியேறும் புறநகரில் குறைவாகத் தென்படுவார்கள். தண்ணீர் இரண்டுக்கும் ஒரே குழாயில் வந்தாலும் இப்படித்தான் இருக்கும். இதைச் சரிக்கட்ட, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனித்தனியாக வீதம் கண்டு, எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு கற்பனை மக்கள்தொகையில் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த மக்கள்தொகையை 1960இல் வகுத்துக் கொடுத்தவர் ஜப்பானிய அறிஞர் செகி. பின்னர் அது சற்றே திருத்தப்பட்டது. தெருவில் நாம் எண்ணும்போது இந்தத் திருத்தம் எதையும் செய்வதில்லை. நாற்பது வருடத்துக்கு முன் பலர் அறுபதைத் தாண்டவில்லை. இன்று பலர் எண்பதைத் தொடுகிறார்கள். அந்த இருபது ஆண்டுகளும் நோய்க்குக் கிடைத்த கூடுதல் அவகாசம்.

இப்படிப் பொறுமையாக எழுதியதில் என்ன தெரிந்தது? சென்னையின் நாற்பதாண்டுப் பதிவேடு காட்டும் முதல் உண்மை, புற்றுநோய் என்று ஒற்றை நோய் ஏறவோ இறங்கவோ இல்லை என்பது. 1980களில் சென்னைப் பெண்களிடையே முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுக்கு. அதன் வீதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தள்ளிப்போன திருமணம், குறைந்த பிள்ளைப்பேறு, மேம்பட்ட சுகாதாரம் ஆகியவற்றைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஊர் முழுக்க முறையான பரிசோதனை ஏதும் நடக்காமலேயே நேர்ந்த இறக்கம் இது. அதே காலத்தில் மார்பகப் புற்று ஏறி முதலிடத்துக்கு வந்தது. பிள்ளைப்பேறு தள்ளிப்போவதும் குறைவதும் இதன் காரணங்களில் சேர்த்தி. ஒரே சமூக மாற்றம் ஒரு நோயை இறக்கி இன்னொன்றை ஏற்றியிருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

நாட்டுப்புறத்தில் பதிவேடு என்ன செய்யும் என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. 2000இலிருந்து அங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணாலேயே பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். ஒரே ஒரு தடவைதான். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் மற்ற ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று ஊர் ஊராகக் கணக்கு இல்லாவிட்டால் இந்த இரண்டு எண்களையும் யாரும் சொல்லியிருக்க முடியாது.

சிறிய சமூகத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்து முதலான வடகோடி நிலங்களில் வாழும் இனுயிட் மக்கள் எல்லோரையும் கூட்டினாலும் சுமார் 1.8 லட்சம் பேர்தான். திருச்சி மாநகராட்சியில் கால் பங்குக்கும் குறைவு. ஒரு குடியிருப்பில் ஐந்து நோயாளிகள் அடுத்த ஆண்டு ஏழானால் 40 சதவீத உயர்வு! அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் பல நாட்டு ஆய்வாளர்கள் கைகோத்து, எல்லாப் பகுதிகளின் பதிவுகளையும் 1969இலிருந்து பல ஆண்டுத் தொகுதிகளாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூக்குக்குப் பின்புறத் தொண்டையிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் வரும் புற்று அவர்களின் பழைய அடையாளம். சிகரெட்டும் மாறிய உணவும் வாழ்க்கையும் சேர்ந்தபின் நுரையீரல், பெருங்குடல், மார்பகப் புற்றுகள் முன்னுக்கு வந்தன. அவர்களின் நுரையீரல் புற்று வீதம் உலகிலேயே மிக உயர்ந்த வரிசையில் நிற்கிறது.

நம் நாட்டிலும் பழங்குடி மக்கள் அதிகம் வாழும் வடகிழக்கில்தான் உச்சம். 2012–16 கணக்கில் ஒரு லட்சம் ஆண்களுக்கு 269.4 என்று மிசோரமின் ஐஸ்வால் மாவட்டமும், ஒரு லட்சம் பெண்களுக்கு 219.8 என்று அருணாசலத்தின் பாபும் பாரே மாவட்டமும் முதலிடத்தில் இருந்தன. பதிவேடு போய்ச் சேரும்வரை அந்த மலைகளின் நோய் டெல்லிக்குத் தெரியவில்லை.

இனுயிட் ஊருக்குப் பொருந்துவது நம் தெருவுக்கும் பொருந்தும். ஒரு வீதியின் நான்கு நோயாளிகளை வைத்துக் காவிரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. மாவட்ட அளவில், வயதைச் சரிக்கட்டி, உறுப்பு வாரியாக, பல ஆண்டுகள் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும். சென்னைக்கு 1982இலிருந்து அந்த வசதி இருக்கிறது. நமக்கு 2012இலிருந்துதான்.

ஆகவே மருத்துவமனையில் முகவரி கேட்டால் ‘திருச்சி’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கதவு எண், தெரு, 620006 என்று அஞ்சல் குறியீடு வரை முழுமையாக எழுதுங்கள். 2025–26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இன்றைய பதினான்கு வயதுக்காரி, கருப்பைவாய்ப் புற்று அதிகம் தாக்கும் நடுவயதை எட்ட இன்னும் முப்பது ஆண்டுகளாவது ஆகும். 2055இல் ஒருவர் தடுப்பூசி பலித்ததா என்று பார்க்க உட்காருவார். அன்று அவர் ஒப்பிட்டுப் பார்க்கப்போகும் பழைய கணக்கு, நாம் இன்று ஒழுங்காகவோ அரைகுறையாகவோ நிரப்பும் படிவங்கள்தான்.

அடுத்த வாரம்: இறப்புச் சான்றிதழில் எல்லோருக்கும் ஏன் ‘மாரடைப்பு’?

(தொடரும்)